முக்காலியின் அடியில் ஒரு சிவப்புத் தையல்

அண்ணே,

நேற்று உங்கள் நார்த்மீட் வீட்டுக் கராஜ் கதவை மாதங்கி மேலே தள்ளியதும், அவள் "வாங்கோ அங்கிள்" என்று சொல்வதற்கு முன்பே அந்த வாசனை வந்துவிட்டது. பெட்ரோலும் எண்ணெயும் கலந்த வாசனை. நீங்கள் போய் எட்டு மாதமாகிறது. வண்டியை யாரும் கிளப்பவில்லை, வாசனை மட்டும் இடத்தைக் காலி செய்யாமல் இருக்கிறது. நான் மூக்கைத் துடைக்கிறவன்போலக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். உங்கள் மகள் பார்க்காத மாதிரி இருந்தாள். நல்ல பிள்ளை.

போர்வையை எடுத்தோம். உங்கள் முக்காலி அப்படியே நின்றது. முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று, வெளிர்நீலப் பெயின்ட், இரண்டு பேர் நெருக்கிக்கொண்டு உட்காரும் ஒரே இருக்கை. கதவுப் பைக்குள் கைவிட்டுப் பார்த்தேன். ஒரு பழைய பார்க்கிங் சீட்டு, ஒரு ஸ்பானர், கறுத்துக் கல்லாகிப்போன ஓர் எலுமிச்சம்பழம். அந்தப் பழத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

வண்டி அடுத்த வாரம் போகிறது. உங்கள் வீட்டு அக்கா இனி மெல்பர்னில் மகளோடு இருக்கப் போகிறார். வெளியூர் ஒன்றில் ஓய்வுபெற்றவர்கள் சிலர் சேர்ந்து நடத்தும் சின்ன மோட்டார் காட்சியகம் வண்டியை ஏற்றுக்கொண்டிருக்கிறது. பக்கத்தில் வைக்க ஓர் அட்டை அடிக்கிறார்கள். அதில் வரப்போகிற வாசகத்தை மாதங்கி போனில் காட்டினாள். "போருக்குப் பிந்திய ஒரு தோல்வியுற்ற முயற்சி" என்று தொடங்குகிறது. அதன் கீழே ஐந்து காரணங்கள். ஐந்தும் நான் எழுதியவை. பழைய கிளப் இதழிலிருந்து அப்படியே எடுத்திருக்கிறார்கள். திங்கள் காலை அச்சுக்குப் போகிறதாம், மாற்றவேண்டுமென்றால் அதற்குள் அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள்.

இன்று ஞாயிறு. அட்டைக்கு எழுதத்தான் காலையில் உட்கார்ந்தேன். இப்போது உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நாம் சந்தித்ததே அந்த வண்டியின் பின்பக்கத்தில்தானே. பென்டில் ஹில் மளிகைக் கடைக்குப் பின்னால், சரிவாக இருக்கும் அந்தக் கார் நிறுத்தத்தில் நான் அரிசி மூட்டையை ஏற்றிக்கொண்டிருந்தேன். நீங்கள் சுவரை முட்டிக்கொண்டு நின்ற ஏதோ ஒரு நீலப் பொருளுக்குப் பக்கத்தில் இடுப்பில் கைவைத்து நின்றீர்கள். அதற்குப் பின்னால் போகும் கியரே கிடையாது என்பது எனக்கு எப்படித் தெரியும்? முன்பின் தெரியாத என்னைப் பார்த்து, ஏதோ நேற்று விட்ட இடத்திலிருந்து தொடர்வதுபோல, "ஐசே, ஒருக்கா வாலைத் தூக்கிப் பிடியும்" என்றீர்கள். தூக்கினேன். கடையிலிருந்து வந்த இன்னொருவரும் பிடித்தார். வண்டியைப் பின்பக்கமாகத் தூக்கி, சுற்றி, வாசலைப் பார்க்க வைத்தோம். எனக்கு இடுப்பில் பிடித்துக்கொண்டது. அதற்கு நன்றியாக நீங்கள் ஒரு மணிநேரம் அந்த வண்டியின் கதையைச் சொன்னீர்கள். அரிசி மூட்டை வெயிலில் கிடந்தது.

திருச்சிக்காரனான எனக்கு உங்கள் பேச்சில் பாதி அன்று புரியவில்லை. புரிந்த பாதியே என்னைப் பிடித்துக்கொண்டது. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, பெட்ரோல் அளந்து கொடுத்த காலம். மெல்பர்னில் ஒரு பட்டறைக்காரர், விமானத்துக்கென்று வாங்கி மிஞ்சிய இரும்புக் குழாயையும், ஒரு மோட்டார் சைக்கிள் எஞ்சினையும் வைத்து, முழுக் கார் வாங்க வழியில்லாதவர்களுக்காக இதைச் செய்தார். மூன்று சக்கரம் என்பதால் வரியும் குறைவு, குடிக்கிற எண்ணெயும் குறைவு. சில ஆண்டுகள்தான். பிறகு ஜனங்களின் கையில் கொஞ்சம் காசு புழங்கியது, பெரிய தொழிற்சாலைகளின் நாலு சக்கரக் கார்கள் வந்தன, பட்டறை பூட்டப்பட்டது. எங்கோ ஒரு பண்ணைக் கொட்டகையில் கோழி அடைந்துகிடந்த மிச்சத்தைத்தான் நீங்கள் கொண்டுவந்து நிமிர்த்தியிருந்தீர்கள்.

பிறகு ஒவ்வொரு ஞாயிறும் உங்கள் சமையலறையில் அந்தக் குசினி மேசை. நீங்கள் சொல்லச் சொல்ல நான் லேப்டாப்பில் ஆங்கிலத்தில் அடிப்பேன், பழைய வண்டிகளின் கிளப் நடத்தும் இதழுக்காக. உங்களுக்கு ஆங்கிலம் தெரியாமலில்லை. எழுத்தென்று வந்தால் மட்டும் என்னைத்தான் நம்பினீர்கள். கதவுக் கைப்பிடி எந்தப் பக்கம் திரும்பும் என்பதற்கே ஒரு ஞாயிறு போனது. போதும் அண்ணே, இதை யார் படிக்கப்போகிறார்கள் என்று நான் அலுத்துக்கொண்டால், அசையமாட்டீர்கள். தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்பார்களே, உங்கள் முயலுக்கு நிஜமாகவே மூன்றுதான் என்று நான் சொன்னபோது அக்கா தேத்தண்ணியோடு நின்று சிரித்த சிரிப்பு இன்னும் நினைவிருக்கிறது.

எலுமிச்சம்பழக் கதை அந்த வருடத்தில்தான். வண்டிக்கு நம்பர் பிளேட் கிடைத்த வாரம் கோயிலில் பூசைக்கு விட்டீர்கள். ஐயர் வழக்கம்போல நாலு எலுமிச்சம்பழத்தோடு வந்தார். முன்னால் இரண்டு வைத்தார், பின்னால் ஒன்று வைத்தார், நாலாவதைக் கையில் வைத்துக்கொண்டு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பிறகு அதை உங்கள் கையில் கொடுத்துவிட்டார். நீங்கள் எஞ்சினைக் கிளப்பி கிளட்ச்சை விட்டீர்கள். வண்டி ஒரு அங்குலம் நகர்ந்தது, பழத்தில் முட்டியது, அணைந்துபோனது. மறுபடி கிளப்பினீர்கள், மறுபடி அணைந்தது. பின்னால் பூசைக்கு நின்ற பெரிய வண்டிக்காரர்கள் எல்லோரும் இறங்கி வந்துவிட்டார்கள். நீங்கள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "அது ஏலாமல் நிக்கேல்லை, மரியாதையிலை நிக்குது" என்றீர்கள். சிரித்தபடியே எல்லோரும் கைகொடுத்துத் தள்ளினார்கள். உங்களை யார் கேலி செய்தாலும் நீங்கள் கோபித்து நான் பார்த்ததில்லை. அதனால்தான் பிறகு நடந்தது எனக்கு அப்படிச் சுட்டது.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அன்று கோயிலுக்கு நான் என் வண்டியில்தான் பின்னால் வந்தேன். நீங்கள் ஏறச் சொன்னபோது அரிசி வாங்கவேண்டும், வேறு வேலை இருக்கிறது என்று ஏதோ சொன்னேன். உண்மை என்னவென்றால் வெட்கம். ஆபீஸ் ஆட்கள் யாராவது பார்த்துவிட்டால்? அந்த வண்டியைத் தூக்கியிருக்கிறேன், தள்ளியிருக்கிறேன், அதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். அத்தனை வருடமும் ஒருநாள்கூட அதில் உட்கார்ந்ததில்லை.

சிவப்புத் தையலைக் கண்டுபிடித்தவர் நீங்கள். இருக்கையைக் கழற்றித் துடைத்தபோது அதன் அடிப்பக்கத்தில், நீல நூல் தையல்களுக்கு நடுவே ஒரே ஒரு தையல் மட்டும் சிவப்பு நூலில் இருந்தது. நான் நூல் தீர்ந்திருக்கும் என்றேன். நீங்கள் ஒப்பவில்லை. அதைப் படம்பிடித்துக் கிளப் இதழில் போடவைத்தீர்கள். நாலு மாதம் கழித்து மெல்பர்னிலிருந்து ஒரு பெண் எழுதினார்: அது என் அம்மாவின் தையல்.

நாம் இரண்டு பேரும் போனோம். ஜோன் என்று பெயர், எண்பதைத் தாண்டியவர், மகள் வீட்டின் வெயில் விழும் அறையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நீங்கள் பையிலிருந்து இருக்கை உறையை எடுத்து அவர் மடியில் வைத்தீர்கள். அவர் கண்ணாடி கேட்கவில்லை. கட்டைவிரலால் தடவியே அந்தத் தையலைக் கண்டுபிடித்தார். பள்ளிக்கூடத்தை விட்டதும் அந்தப் பட்டறையில் தைக்கச் சேர்ந்தாராம். எஞ்சின் பொருத்துகிறவர்களுக்கு எண் குத்த ஒரு முத்திரை இருந்தது, தைக்கிறவளுக்கு ஒன்றும் கிடையாது. அதனால் ஒவ்வொரு இருக்கையின் அடியிலும் யாருக்கும் தெரியாமல் ஒரு சிவப்புத் தையல் போட்டாராம். அவர் சொல்வதற்கெல்லாம் நீங்கள் "ஓம், ஓம்" என்று தலையாட்டிக்கொண்டே இருந்தீர்கள். ஏதும் பிரார்த்தனை செய்கிறீர்களா என்று அவர் கேட்டார். அது எங்கள் ஊரில் யெஸ் என்று நீங்கள் விளக்கியதும், அவருக்கு அது பிடித்துப்போய், நீங்கள் கேட்டதற்கெல்லாம் அவரும் "ஓம்" என்றே பதில் சொல்லத் தொடங்கினார்.

கிளம்பும்போது அவர் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்று கேட்டார். பட்டறை பூட்டிய பிறகு அந்த வண்டியை ஊரே கேலி செய்ததாம். நடனத்துக்குப் போன இடத்தில் பையன்கள் செய்த கேலியில், அங்கே வேலை பார்த்ததையே பல வருடம் அவர் யாரிடமும் சொல்லவில்லையாம். நீங்கள் எழுதுவதில் எங்களைப் பார்த்துச் சிரிக்கமாட்டீர்களே என்று கேட்டார். நீங்கள் வாக்குக் கொடுத்தீர்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன் அண்ணே. என் காதில் விழுந்தது.

பிறகு உங்களுக்கு நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் படுத்தீர்கள். அந்த வாரம் பார்த்துக் கிளப் இதழ் ஆசிரியர் வெள்ளிக்கிழமைக்குள் கட்டுரை வேண்டும் என்றார். உங்களைத் தொந்தரவு செய்யவேண்டாம் என்று நானே முடித்துக் கொடுத்தேன். என் பிழைப்பு உங்களுக்குத் தெரியும், கம்ப்யூட்டர் திட்டங்களுக்கு அறிக்கை எழுதுகிறவன். எங்கள் ஆபீஸில் எந்தத் திட்டம் முடிந்தாலும் கடைசிப் பக்கத்தில் என்ன தவறு நடந்தது, என்ன கற்றோம் என்று ஒரு பட்டியல் போட்டால்தான் கோப்பை மூடுவோம். கை பழகிப்போன பழக்கம். உங்கள் ஒன்பது வருட உழைப்பின் கடைசியில் "தோல்விக்கான காரணங்கள்" என்று தலைப்புப் போட்டு, ஒன்று முதல் ஐந்து வரை அடுக்கினேன். வசதியற்ற இருக்கை என்பது மூன்றாவது. அந்த இருக்கையில் நான் அதுவரை உட்கார்ந்ததே இல்லை.

ஆசிரியருக்கு அந்தப் பட்டியல்தான் ரொம்பப் பிடித்தது. முதல் பக்கத்திலேயே கட்டம்கட்டிப் போட்டுவிட்டார். பெருமை தாங்காமல் ஹரிஸ் பார்க்கில் இனிப்பும் வாங்கிக்கொண்டு, நீங்கள் வீடு திரும்பிய அன்றே இதழைக் கொண்டுவந்தேன். குசினி மேசையில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுதும் படித்தீர்கள். நாலாக மடித்தீர்கள். "தேத்தண்ணி ஆறுது, குடியும்" என்றீர்கள். அவ்வளவுதான்.

ஐந்து மாதம். போன் செய்தால் அக்கா எடுப்பார், "அவர் வெளியிலை போட்டார்" என்று, நீங்கள் வெளியே போய்விட்டதாகச் சொல்வார், பின்னால் உங்கள் இருமல் கேட்கும். நானும் சும்மா இருக்கவில்லை, கோபப்பட்டேன். ஊரில் இல்லாத உழைப்பு உழைத்தும் இந்த மனுஷனுக்கு நன்றி இல்லையே என்று வீட்டில் கத்தினேன். இத்தனை வருடத்தில் உங்கள் "ஓம்" மட்டும் என் வாயில் ஒட்டிக்கொண்டது, உங்கள் பொறுமை ஒட்டவில்லை என்றாள் என் மனைவி.

ஒரு ஞாயிறு காலை என் வீட்டு வாசலில் அந்தத் தடதடப்புக் கேட்டது. அணைத்தால் மறுபடி கிளம்பாது என்று எஞ்சினை ஓடவிட்டபடியே உள்ளே இருந்தீர்கள். கதவைத் திறந்து, "ஏறும்" என்றீர்கள். எதிர்வீட்டுக்காரர் புல் வெட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். ஏறினேன். உங்கள் தோளும் என் தோளும் ஒட்டிக்கொண்டன, வேறு வழியில்லை. அந்த இருக்கை மெத்தென்று இருந்தது. அண்ணே, அது வசதியாக இருந்தது.

நார்த்மீட்டின் மேட்டுத் தெரு ஒன்றில் முனகிக்கொண்டு ஏறும்போதுதான் பேசினீர்கள். இதழ் வந்த மறுவாரமே ஜோன் போன் பண்ணியிருந்தாராம். மகள் அதை வாசித்துக் காட்டியிருக்கிறார். அவர் கோபப்படவில்லையாம்.

"ஒண்டுதான் கேட்டவ. என்னோடை வந்த, டைப் அடிச்ச அந்த மனுசன், அதிலை ஒருநாளாவது இருந்து பாத்தவரோ எண்டு."

நீங்கள் சாலையைப் பார்த்தபடியே உங்கள் கதையைச் சொன்னீர்கள். இத்தனை வருடப் பழக்கத்தில் ஒருநாளும் சொல்லாதது. இங்கே வந்த புதிதில் ஒரு கார்த் தொழிற்சாலையில் கார்களுக்குக் கதவு பொருத்தும் வேலையில், உங்கள் பேச்சில் கதவு பூட்டும் வேலையில், சேர்ந்தீர்கள். பதினெட்டு வருடம். அது பூட்டப்பட்டபோது பத்திரிகைகள் எல்லாம் ஏன் பூட்டியது என்று காரணம் காரணமாக எழுதின. நீங்கள் பூட்டிய கதவுகளைப் பற்றி ஒரு வரி இல்லை.

"கடை பூட்டினா எல்லாரும் காரணம் தேடுவினம் ஐசே. திறந்திருந்த நாளிலை என்ன நடந்தது எண்டு ஒருத்தரும் கேக்கமாட்டினம். நான் பொய் எழுதச் சொல்லேல்லை. மழையிலை நனையாமல் ரெண்டு பேர் வேலைக்குப் போச்சினம். அதை முதல் எழுதவேணும்."

"தப்புதான் அண்ணே, மன்னிச்சிடுங்க" என்றேன்.

"தப்பெண்டா திருத்தும். வாயாலை வேண்டாம்."

அன்றே அரைப் பக்கம் எழுதினோம். மறுப்புக் கட்டுரையாக அடுத்த இதழுக்கு அனுப்புவதாகச் சொன்னேன். ஆபீஸில் பெரிய வேலை ஒன்று தலைக்கு மேல் இருந்தது. அடுத்த இதழ் போனது, அதற்கடுத்ததும் போனது. நீங்கள் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் செய்திருப்பேன் என்று இப்போது உங்கள்மீது பழியைப் போடப் பார்க்கிறது மனசு. ஒரு புதன்கிழமை காலை அக்கா போன் செய்தார், தூக்கத்திலேயே போய்விட்டீர்கள் என்று. அந்த அரைப் பக்கம் அரைப் பக்கமாகவே என் லேப்டாப்பில் கிடந்தது.

இன்று காலை அதைத் திறந்தேன். அட்டைக்கு ஏழெட்டு வரிதான் இடம். பட்டியலை எடுத்துவிட்டேன். எழுதி அனுப்பியது ஆங்கிலத்தில், உங்களுக்காகத் தமிழில் இது:

"போருக்குப் பிந்திய சில ஆண்டுகளில், கார் வாங்க வழியில்லாதவர்களுக்காக மெல்பர்னில் ஒரு சிறு பட்டறையில் செய்தது. மழையில் நனையாமல் இரண்டு பேரை வேலைக்குக் கொண்டுபோனது. பின்னால் போகாது, தூக்கித் திருப்ப வேண்டும், அதற்கு எப்போதும் யாராவது கைகொடுத்தார்கள். பெரிய கார்கள் வந்தபின் பட்டறை பூட்டப்பட்டது. இருக்கையைத் தைத்தவர் ஜோன். இருக்கையின் அடியில் இருக்கும் சிவப்புத் தையல் அவருடைய கையெழுத்து."

மீட்டெடுத்தவர் என்று உங்கள் பெயரைக் கடைசியில் போட்டிருக்கிறேன். நீங்கள் அதை அடித்துவிடச் சொல்வீர்கள். இந்த ஒரு தடவை உங்கள் பேச்சைக் கேட்கப்போவதில்லை.

அனுப்புவதற்கு முன் செய்யவேண்டியது ஒன்று இருந்தது. மாதங்கியிடம் எண் வாங்கி ஜோனை அழைத்தேன். தொண்ணூறைத் தொட்டுவிட்டார், காது மந்தம், மகள் ஸ்பீக்கரில் போட்டார். யார் என்று கேட்டார். முதல் தடவை அதைத் தப்பாக எழுதியவன் என்றேன். நீங்கள் போனது அவருக்குத் தெரியும், மாதங்கி சொல்லியிருந்தாள். நான் அட்டையை வாசித்தேன். தன் பெயர் வந்த இடத்தில் நிறுத்தச் சொன்னார், அந்த வரியை மட்டும் இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். அந்தத் தையல் இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். நேற்றுத்தான் இருக்கையைத் தூக்கி விரலால் தொட்டுப் பார்த்தேன் என்றேன்.

நேற்று அந்தப் பழத்தையும் எடுத்த இடத்திலேயே, கதவுப் பையில் திரும்ப வைத்துவிட்டுத்தான் வந்தேன். காட்சியகத்துக்காரர்கள் குப்பையென்று எறியக்கூடாது என்று மாதங்கியிடம் சொல்லியிருக்கிறேன். நாலாவது சக்கரத்துக்கு உரியது, இருக்கட்டும்.

போனை வைக்கும் முன் ஜோன் கேட்டார், அவருடைய அந்தப் பழைய கேள்வியை, இந்த முறை நேரே என்னிடம். இப்போதாவது அதில் உட்கார்ந்து பார்த்தாயா?

வாயில் யெஸ் வரவில்லை. எங்கள் ஊர் ஆமாவும் வரவில்லை.

"ஓம்" என்றேன்.

அந்தப் பக்கத்திலிருந்து அவரும், மெதுவாக, "ஓம்" என்றார்.